தொப்பியால் ஊற்றும் மனிதர்

மூன்று மூலைத் தொப்பி அணிந்த குண்டு மனிதர் ஒருவர், முழங்காலில் குவளையைத் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். முகம் நிறையச் சிரிப்பு. முதுகில் ஒரு கைபிடி. தொப்பியின் முன்மூலைதான் ஊற்றுவாய். இங்கிலாந்தின் பழைய 'டோபி ஜக்' இதுதான்.

பெயரைக் கேட்ட என் தம்பி, "உடுப்புக் கழுவுற டோபியா?" என்றான். இல்லை. 1761இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கவிதையில் டோபி ஃபில்பொட் என்றொரு பெருங்குடிகாரன் வருகிறான். அவன் பெயரே இதற்கு வந்தது என்று பலரும் கருதுகின்றனர். ஆம், இது பியர் ஊற்றிய பாத்திரந்தான். புத்தகத்தில் படத்தைப் பார்த்த உம்மாவும், "போயும் போயும் இதப் பத்தியா மகள் எழுதப் போறீங்க?" என்று கேட்டார். நான் நிறங்களைக் காட்டினேன்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்டாஃபர்ட்ஷையர் குயவர்கள் இவற்றைச் செய்யத் தொடங்கினர். பர்ஸ்லம் ஊரின் ரால்ஃப் வூட் குடும்பத்தாரின் பெயர் இன்றும் சேகரிப்பாளர்களிடையே பெரிது. அச்சில் உருவாக்கிய களிமண் மனிதருக்கு ஈயம் கலந்த மெருகைப் பூசிச் சூளையில் வைப்பார்கள். இரசாயனவியல் பாடத்தில் நாம் மனனம் செய்யும் ஒட்சைட்டுகளின் வேலையை இங்கே கண்ணால் பார்க்கலாம்: செம்பு பச்சையாகிறது, கோபால்ட் நீலமாகிறது, மங்கனீசு கபிலமாகிறது. சூட்டில் மெருகு உருகி ஓடுவதால், ஒரே அச்சில் பிறந்த இருவர்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த ஈயம் மட்பாண்டத் தொழிலாளர்கள் பலரை நோயாளிகளாக்கியது என்பதை அறிந்தபின், சிரிக்கும் அந்த முகத்தை முன்போல் என்னால் பார்க்க முடிவதில்லை.

சில ஜக்குகளில் தொப்பியின் நடுப்பகுதி தனி மூடியாக இருந்தது. கழன்று வரும் எதுவும் எந்த வீட்டில் தங்கும்? பெரும்பாலானவை தொலைந்துவிட்டன. அதனால் அசல் மூடியோடு ஒன்று கிடைத்தால் சேகரிப்பவருக்குப் பெருநாள்தான்.

பிற்காலத்தில், 1934 முதல், ரோயல் டோல்டன் நிறுவனம் தலையை மட்டும் கொண்ட ஜக்குகளைச் செய்தது. 1940இல் சேர்ச்சிலும் ஜக்கானார். எனக்கென்னவோ தலைவர்களைவிடச் சாதாரண மனிதர்களையே பிடிக்கிறது. அவர்களிலும் மார்தா கன்.

ஆண்களே நிறைந்த அந்த வரிசையில் அவர் ஓர் உழைக்கும் பெண். பிரைட்டன் கடற்கரையில், நீராட வந்த சீமாட்டிகளைப் பிடித்து அலையில் முக்கியெடுப்பது அவர் தொழில். 1815இல் இறந்தார். அவரது உருவ ஜக்கின் தொப்பியில் வேல்ஸ் இளவரசரின் சின்னமான மூன்று இறகுகள் இருக்கின்றன. முகம் மட்டும், நாள் முழுக்கக் கடலில் நின்றவரின் முகம்.