கழலத் தெரிந்த லாக்கர்

வடக்கு ஆல்பர்ட்டாவில் டிஃபரன்ஷியல் லாக்கர் மாட்டித்தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, எது பலமாகப் பூட்டும் என்பதைத்தான். புதைபனி கிடக்கும் காட்டுக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நெடுஞ்சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். ஜனவரியில் அந்தச் சாலையின் மேல் பனிக்கட்டி பளபளவென்று இறுகிக் கிடக்கும். அதில் பல மணி நேரம் ஓடிவிட்டுக் கடைசியில் கொஞ்ச தூரம் மட்டும் பனியில் இறங்கும் வண்டிக்கு, லாக்கர் பூட்டுவதைவிட ஒழுங்காகக் கழலுவது முக்கியம்.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத் தரும். ஒன்று வழுக்கினால், அது தாங்கும் சொற்ப விசைதான் மற்றதற்கும் கிடைக்கும். வண்டி நகராது. இந்தக் குறை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது மற்றது மெதுவாக உருண்டுகொண்டே, வண்டி பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி லாக்கர் பின் ஆக்சிலைப் பூட்டிவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், சாலை சரிந்திருக்கும் பக்கம் வண்டியின் வால் இழுத்துக்கொண்டு போகும். நீளம் குறைந்த ஜீப்பில் அதைத் திருத்த நேரமே கிடைக்காது.

டெட்ராய்ட் லாக்கர் இயல்பாகவே பூட்டி இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் முந்தும்போது மட்டும் விட்டுக்கொடுக்கும். பாறைக்கும் சேற்றுக்கும் அது அருமையான சாமான், அதன் எளிமையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் இந்தச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அதை மாட்ட நான் ஒப்புவதில்லை. ட்ரூடிராக் என்ற பற்சக்கர வகை சாலையில் சாது. ஆனால் அதன் பற்கள் உராய்வை நம்பி வேலை செய்கின்றன, அதனால் அதற்கு மினரல் ஆயிலைத்தான் பரிந்துரைக்கிறார்கள். குளிரோ சிந்தெடிக் ஆயிலைக் கேட்கிறது.

ஆகவே, டிரைவர் நினைத்தபோது பூட்டிக் கழற்றும் வகைதான் சரி. காற்றா, மின்சாரமா என்பதுதான் அடுத்த கேள்வி. காற்று லாக்கர் பலமானது. ஆனால் கம்ப்ரசர் இழுக்கும் காற்றில் ஈரம் இருக்கும். அது குழாயில் நீராகி, இரவில் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். கடுங்குளிரில் நைலான் குழாய் விறைத்து முறிவதும் உண்டு. காற்று வகைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஈரம் வடிக்கும் ஃபில்டரும் எஃகுப் பின்னல் போட்ட குழாயும் வைக்காமல் வண்டியை வெளியே விடமாட்டேன். ஜீப் ரூபிகானே 2003-இல் காற்று லாக்கரோடு வந்து, 2007 மாடலில் மின்சாரத்துக்கு மாறியது. மின் லாக்கரிலும் பார்த்து வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சில வகைகள் முன்னும் பின்னுமாக கியர் மாற்றும்போது ஒரு கணம் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். புதைந்த வண்டியை ஆட்டி ஆட்டித்தான் மீட்கிறோம், ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த அடி பற்களில் விழும்.

கியர் ஆயிலுக்கு வருவோம். டின்னில் உள்ள 80W என்ற குறி −26 டிகிரி வரைதான் பொறுப்பேற்கும். 75W என்றால் −40. குளிர் அதற்கும் கீழே இறங்கினால், தடித்துப்போன ஆயிலில் கிரவுன் வீல் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு அதற்குள்ளேயே சுற்றும். ஆயில் மேலேறி பினியன் பேரிங்குக்குப் போகாது. காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு மெதுவாகப் போங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

ஆக்சிலைத் தேர்ந்தெடுக்கும்போது, ஷாஃப்ட் முறிந்தால் என்ன ஆகும் என்பதையே முதலில் பார்க்கிறேன். குளிரில் எஃகு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடுகிறது. சாதாரண 1541 எஃகு ஷாஃப்டைவிட 4340 எஃகு நம்பகமானது. அதில் கிட்டத்தட்ட 1.8 சதவீதம் நிக்கல் இருக்கிறது, குளிரிலும் எஃகின் உறுதியைக் காப்பது அந்த நிக்கல். பழைய ஜீப்கள் பலவற்றில் உள்ள டானா 35 ஆக்சிலில் ஷாஃப்டைப் பிடித்திருப்பது உள்ளே ஒரு சி-கிளிப் மட்டும். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். ஃபுல் ஃபுளோட்டிங் ஆக்சிலில் பாரத்தை ஹப் சுமக்கிறது, ஷாஃப்டுக்குச் சுற்றுவது மட்டும்தான் வேலை. முறிந்த துண்டை உருவிவிட்டு, ஹப்பின் வாயை மூடி, முன் சக்கரங்களின் இழுப்பில் ஊர் திரும்பலாம். ஆளரவமற்ற இடத்தில், −35 டிகிரியில், அது உயிர்ப் பிரச்சினை.

ஆக்சிலுக்குள் காற்று போய்வர வழிவிடும் சின்னச் சாமானான பிரீதரையும் விட்டுவிடாதீர்கள். சூடான ஆக்சில் பனிச்சேற்றில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் ஆக்சில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரவில் அந்தத் தண்ணீர் சீலின் உதட்டில் உறைந்து, காலையில் ரப்பரைக் கிழிக்கும். ஒரு ரப்பர் குழாய் போட்டு பிரீதரை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும்.

ஒரே ஒரு லாக்கருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பின் ஆக்சிலுக்கு மின்சார வகை போடுங்கள், முன் ஆக்சிலை ஓப்பனாகவே விடுங்கள். மிச்சத்தை ஷாஃப்டிலும் ஆயிலிலும் போடுங்கள். மாதம் ஒருமுறை, கோடையிலும், மண்பாதையில் லாக்கரைப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். மோட்டாரால் இயங்கும் லாக்கர் சும்மா கிடந்தால் துருவேறி இறுகிவிடும்.