எஃகும் கையும்

நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பையும் எஃகையும் உருவாக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. இச்செய்தியைப் பல ஆண்டுகளாக வகுப்பில் பெருமிதத்தோடு சொல்லி வந்திருக்கிறேன். ஆயினும், என் கையால் எஃகை ஒரு விரற்கடை நீளம்கூட அறுத்தறியேன். அக்குறையை எனக்கு உணர்த்தியது, என் தந்தையார் விட்டுச்சென்ற ஒரு துண்டு வில்பட்டை.

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றப்பட்ட அப்பட்டை 6 மில்லிமீட்டர் கனமுடையது. அதிலிருந்து அம்மாவுக்குக் காய் நறுக்கும் கத்தி செய்து தருவதாகத் தந்தையார் சொல்லியிருந்தார். சொன்ன சொல் நிறைவேறுமுன் மறைந்துவிட்டார். இருந்ததோ ஒரே துண்டு. “அப்பா சொன்னதை நான் முடிக்கிறேன்” என்று அம்மாவிடம் கூறிவிட்டு, வீட்டின் பின்புறம் அவர் அமைத்திருந்த சிறு பட்டறைக்குள் நுழைந்தேன்.

பட்டையை வைஸில் இறுக்கி, ஆக்சா பிளேடால் அறுக்கத் தொடங்கினேன். கீறல் விழுந்ததேயன்றி எஃகு அறுபடவில்லை. சினம் மூண்டது, மேலும் அழுத்தி, மேலும் விரைந்து இழுத்தேன். பிளேடின் பற்கள் மழுங்கின. அடுத்த பிளேடு இரண்டாக முறிந்து என் பெருவிரலைக் கிழித்தது.

மறுநாள் பட்டையோடு எங்கள் ஊர்க் கொல்லரிடம் சென்றேன். அவர் அரத்தால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

“இது ஏற்கெனவே காய்ச்சித் தோய்ச்ச பட்டை, ஐயா. லாரிப் பாரத்தையே தாங்கினது உங்க அழுத்தத்துக்கா அசையும்? முதல்ல இளக்கணும்” என்றார்.

உலையில் பட்டை செக்கச் சிவந்தது. வெளியில் எடுத்துக் காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்த ஈர்ப்பை இழக்கும். மீண்டும் சற்றே சூடேற்றி, சாம்பற் குவியலுக்குள் புதைத்தார். “விடியிற வரைக்கும் தொடாதீங்க” என்றார். விரைந்து குளிர்ந்தால் எஃகு கடினமாகும். மெல்லக் குளிர்ந்தால் இளகும். நூலில் படித்த இவ்வுண்மையின் பொருள், அச்சாம்பலின் அருகே நின்றபோதுதான் விளங்கியது.

விடிந்ததும் பட்டையோடு வீடு திரும்பினேன். அங்குலத்திற்கு 24 பற்கள் கொண்ட புதிய பிளேடைப் பற்கள் முன்னோக்கி இருக்குமாறு பூட்டினேன். தள்ளும்போது மட்டும் அழுத்தம். இழுக்கும்போது கை தளர்வு. நிமிடத்திற்கு 40 தள்ளல். இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய். கொல்லர் சொல்லித்தந்த முறை இதுவே. இம்முறை இரும்புத்தூள் சீராக உதிர்ந்தது. மாலைக்குள் கத்தியின் வடிவம் கிடைத்தது. அதை அரத்தால் சீர்செய்தேன். கொல்லர் மீண்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். பின் வைக்கோல் நிறம் படரும்வரை இளஞ்சூட்டில் பதப்படுத்தினார்.

அம்மா அக்கத்தியால் ஒரு வாழைக்காயை நறுக்கினார். “பிடி கொஞ்சம் கோணல். உங்கப்பா செஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார். பிறகு நெடுநேரம் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

இப்போதெல்லாம் கொடுமணலைப் பற்றிப் பேசும் நாளில், மழுங்கிய அந்தப் பிளேடையும் வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறேன். தேய்ந்த பற்களை மாணவர்கள் ஒவ்வொருவராக விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அதன் பின்னரே பாடத்தைத் தொடங்குகிறேன்.