பித்தம் தேங்கும்போது

தலை சுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம் என்பது நம்மவர் வழக்கம். போதாததற்கு, பெற்ற மனத்தையும் பித்து என்கிறோம். அந்தப் பித்தநீர் ஈரலுக்குள்ளேயே ஓடாமல் தேங்கினால் என்ன நிகழும் என்பதை, செய்தி எழுதியே பிழைத்து வந்த எனக்கு முதலில் சொன்னவர் ஹுன்னஸ்கிரியவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் திகன, தெல்தெனிய கடந்து, முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஏறிச் செல்ல வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய ஊர். மழையும் மூடுபனியும் அட்டையும் மிகுந்த இடம். லயக் குடியிருப்புகளைப் பற்றி எழுதுவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்றிருந்தேன். கூரை ஒழுகுவதைக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு எட்டாம் மாதம். பேச்சினூடே கைகளைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ராத்திரியில தூக்கமே இல்லீங்க ஐயா. உள்ளங்கையும் உள்ளங்காலும் அப்படி அரிக்குது. செவுத்துல தேய்ச்சுக்கிட்டே விடிஞ்சிருது."

மாமியார் அட்டைக்கடி என்றார். பக்கத்துக் காம்பிராக்காரர் தேயிலைக்கு அடிக்கும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மருந்தெடுக்கப் போன ஓரிடத்தில் பூசிக்கொள்ளக் களிம்பு கொடுத்தனுப்பியிருந்தார்கள். மறுபடி போவதானால் ஒரு நாள் 'பேர்' போய்விடும். (புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான பதிவும் அதற்குரிய சம்பளமும்தான் பேர்.) தோலில் தடிப்பு எதுவும் இல்லை, நகம் கீறிய கோடுகள் மட்டுமே இருந்தன.

அதைக் கண்டுபிடித்தவர் வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர். உள்ளங்கை, உள்ளங்கால், இரவில் அதிகம், தடிப்பு இல்லை என்ற நான்கையும் கேட்டவுடன், மறுநாளே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தாராம். இரத்தத்தில் பித்த அமிலம் கூடியிருந்தது. 36ஆவது வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். இவ்வளவும் பிற்பாடு தொலைபேசியில் நான் அறிந்தவை. கூரை பற்றிய என் கட்டுரை அதற்குள் அச்சாகி, மறக்கப்பட்டும் விட்டது.

அதன்பின்னர்தான் இதைத் தேடிப் படித்தேன். பித்தநீரை ஈரலின் உயிரணுக்கள் சுரந்து நுண்ணிய குழாய்களுக்குள் தள்ளுகின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பெருகும் ஹோர்மோன்கள் சிலரிடம் இந்தத் தள்ளுதலை மந்தமாக்குகின்றன. பித்த அமிலம் இரத்தத்தில் கலக்கிறது, அரிப்பு தொடங்குகிறது. கண் மஞ்சளிப்பது பலரிடம் நிகழ்வதே இல்லை. ஆகவே காமாலை என்று எவரும் ஐயுறுவதில்லை. தாய்க்குப் பிரசவமான சில நாட்களிலோ வாரங்களிலோ தானே தீர்ந்துவிடும். அடுத்த கர்ப்பத்தில் திரும்பி வருவதும் சாதாரணம்.

ஆபத்து வயிற்றிலுள்ள பிள்ளைக்கு. 2019இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த பெரிய ஆய்வொன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய தாய்மாரின் தரவுகளைத் திரட்டியது. பித்த அமிலம் லீற்றருக்கு 100 மைக்குரோமோலைத் தாண்டியவர்களிடையே நூறில் மூன்றுக்கும் மேற்பட்ட பிரசவங்களில் சிசு வயிற்றிலேயே இறந்திருந்தது. 40க்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து ஏனைய தாய்மாரைப் போன்றதே. எனவே அரிக்கும் தாய்மார் எல்லோரும் அஞ்சத் தேவையில்லை. அளந்து பார்க்கத் தேவையுண்டு. மிக உயர்ந்த அளவு உள்ளவர்களுக்கு 35, 36 வாரங்களில் பிரசவத்தைத் தூண்டுவது பற்றி வைத்தியர்கள் யோசிக்கிறார்கள். நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் அர்சோடியொக்சிகோலிக் அமில மாத்திரை, சிசுவுக்கு நேரும் தீங்கைக் குறைப்பதாக அதே 2019இல் பிரித்தானியாவில் வெளியான பரிசோதனையில் தெரியவரவில்லை.

குழந்தைகளிடம் கதை வேறு. பித்த அமிலத்தை வெளித்தள்ளும் மரபணுக்களில் பழுதுள்ள குழந்தைகள் சிலர் பிறந்த சில மாதங்களிலேயே அரிப்பினால் அழத் தொடங்கி, ஈரல் கெட்டுப் போகிறார்கள். அதே மரபணுப் பழுதின் ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் இந்த அரிப்பு வரக்கூடும். அரிப்பை அடக்கும் ஒடெவிக்சிபாற் என்ற மருந்து 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. விலையைப் பற்றி இங்கே பேசாதிருப்பது நல்லது.

ஈரலுக்கு வெளியே பித்தக்குழாய் அடைபட்டுப் போவது இன்னொரு வகை. ஜப்பானின் சென்டாயில் மொரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1950களில் இதற்கு வழி கண்டார்: குடலை நேரே ஈரலின் வாயிலில் பொருத்துவது. பிறந்து இரண்டு மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன். நம் வீடுகளிலோ அந்த இரண்டு மாதங்களும் காலை வெயில் காட்டுவதிலும், "தாய்ப்பால் மஞ்சள், தானே போகும்" என்று காத்திருப்பதிலும் கழிந்துவிடுகின்றன. தாய்ப்பால் மஞ்சள் என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதில் மலம் வெளுக்காது.

கசாய் சிகிச்சை பலிக்காதபோது மிஞ்சுவது ஈரல் மாற்று. காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு 1998 நவம்பரில் டில்லி அப்பலோவில் அது நடந்தது. குழந்தையொன்றுக்கு இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதலாவது ஈரல் மாற்று அதுவே. ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தவர் தந்தை. சஞ்சய் பிற்பாடு மருத்துவம் படித்து வைத்தியரானார்.

தாய்வான் 2004 முதல் நாடு முழுவதும், பிறந்த குழந்தையோடு மலத்தின் நிறங்கள் அச்சிட்ட அட்டையொன்றையும் தாயிடம் கொடுத்து அனுப்புகிறது. சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்திருந்தால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். அட்டை இல்லாத வீட்டிலும், இரண்டு வாரம் கடந்தும் குழந்தை மஞ்சளாக இருந்தால், துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். சிறுநீர் கடும் மஞ்சளாகத் துணியில் கறை பிடிக்கிறதா என்பதையும் கவனிக்கலாம். பிறகு, நேர்ப் பிலிருபினை வேறாக அளக்கும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கண்டிப் பக்கத்தவர்களுக்கு, பேராதனையில் சிறுவர்களுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது.