மையில்லாத விரல்

ஜூன் 4 அன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு முட்டைப் படம் போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுக எத்தனை ஜெயித்தது என்பதற்கான பதில் அது. அண்ணன் சிரித்தான். சித்தப்பா மகள் வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் போட்டாள். அப்பா பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. பதில் வரவில்லை.

அப்போது நான் வட்டக்கானலில் இருந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதால் மே மாச வெயிலுக்குப் பயந்து மலையேறியவன். இ-பாஸ் வந்த வருஷம், கூட்டம் கொஞ்சம் குறைவு. அறைக்குக் கீழே இருந்த டீக்கடையில் காலையிலிருந்தே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அன்று அங்கே யாருக்கும் முழுச் சந்தோஷமும் இல்லை, முழு வருத்தமும் இல்லை. நானூறு என்று சொல்லிவிட்டு 240-ல் நின்ற பாஜக, ஆட்சி அமைக்கப்போகிற நேரத்திலும் தோற்றது போல முகத்தை வைத்திருந்தது. 44, 52, 99 என்று மூன்றாவது முறையாக எதிர்க்கட்சி வரிசைக்குப் போகும் காங்கிரஸ் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. பெங்களூர்ப் பையன்கள் நாலு பேர் போனில் சென்செக்ஸ் விழுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தார்கள். முந்தின நாள் ஏறியதெல்லாம் போய், நாலாயிரம் புள்ளிக்கு மேல் விழுந்திருந்தது. ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர்தான் சரியாகக் கேட்டார்: "புதுச்சேரியும் சேத்து நாப்பதுக்கு நாப்பது குடுத்தாச்சு. அப்பவும் டெல்லில அவங்கதான்னா, நாம என்னத்த ஜெயிச்சோம்?"

அடுத்தடுத்த நாட்களில் அது வேறு மாதிரி ஆனது. அயோத்தி இருக்கிற பைசாபாத் தொகுதியில் சமாஜ்வாதி ஜெயித்ததற்காக, அந்த ஊர்க்காரர்களிடம் பொருள் வாங்காதீர்கள் என்று வடக்கே பதிவுகள் பறந்தன. இங்கே கிருஷ்ணகிரி பக்கம் ஓர் ஆட்டின் கழுத்தில் அண்ணாமலை படத்தை மாட்டி நடுரோட்டில் வெட்டினார்கள். ஓட்டுப் போட்டவனைத் திட்டுவது ஒரு பக்கம், தோற்றவனை அறுப்பது இன்னொரு பக்கம். என் முட்டையும் அந்த வரிசையில் ஒன்று, கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் சின்னாளபட்டி. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தல் நடந்தபோது அவருக்கு 19 வயது. எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. மாயத்தேவர் வேட்பாளர். இரட்டை இலை முதன்முதலாக ஓட்டுச் சீட்டில் வந்தது அந்தத் தேர்தலில்தான். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற பட்டறையிலிருந்து பச்சைச் சாயத்தைத் திருடி சுவரெல்லாம் இலை வரைந்ததாக அப்பா சொல்வார். தேர்தலுக்குச் சில நாள் முன்னால்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. மாயத்தேவர் ஜெயித்தார், ஆளுங்கட்சியான திமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. இத்தனையும் செய்த அப்பாவுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. அப்போதெல்லாம் 21 வயசு ஆகணும்.

நான் வேறு பக்கம் ஓட்டுப் போடுகிறவன் என்று அவருக்குத் தெரியும். அதனால் பத்து வருஷமாக நாங்கள் அரசியல் பேசுவதில்லை. ஜூன் இரண்டாவது வாரம், "வெயில் தாங்கல தம்பி, ரெண்டு நாள் வரட்டா?" என்று கேட்டு பஸ் ஏறி வந்தார். முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேகம் விலகின ஒரு காலையில் டால்பின் நோஸ் பக்கம் கூட்டிப்போனேன். கீழே பெரியகுளம் சமவெளி தெரிந்தது. நாங்கள் நின்ற இடம் திண்டுக்கல் தொகுதி, கீழே தெரிவது தேனி. "அங்க பாரு," என்றார். "போன தடவ நாங்க ஜெயிச்ச ஒரே தொகுதி. இந்தத் தடவ டெபாசிட் போச்சு."

பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை என்று அர்த்தம். ஆனால் எனக்கு உறைத்தது அவர் அடுத்துச் சொன்னது. "ஜெயிச்சது யாரு? தங்க தமிழ்ச்செல்வன். ரெண்டாவது யாரு? தினகரன். ரெண்டு பேரும் எங்க ஆளுங்கதான. பெரியகுளத்துக்காரர் ஓ.பி.எஸ். ராமநாதபுரத்துல பலாப்பழத்துல நிக்கிறாரு. எல (இலை) மட்டும் மூணாவது."

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் பிறகு ஓர் அறிக்கை எழுத வேண்டும். போஸ்ட்மார்ட்டம் என்றே பெயர். யார் செய்தது என்று எழுதக் கூடாது. ஏன் நடந்தது, ஏன் நமக்கு முன்பே தெரியவில்லை, இந்த இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும். இரண்டாவது கேள்விதான் கஷ்டம். அதிமுகவில் முதல் கேள்விக்கே எஸ்.பி. வேலுமணி கணக்கில் பதில் சொன்னார்: பாஜகவோடு கூட்டணி தொடர்ந்திருந்தால் முப்பதுக்கு மேல் ஜெயித்திருக்கலாம். கூட்டிப் பார்த்தால் பல தொகுதிகளில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் 2019-ல் அதே கூட்டணி இருந்ததே, கிடைத்தது தேனி ஒன்றுதானே? 2014-ல் யாரோடும் சேராமல் 37 ஜெயித்த கட்சி அது. ஓட்டு என்பது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அப்படியே மாற்றி வைக்கிற சாமான் இல்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பத்து வருஷத்தில் முதல்முறை. அவர் கணக்குக்கே போகவில்லை.

"இலை பொறந்த ஊரு திண்டுக்கல்லு. 2019-ல அத மாம்பழத்துக்குக் குடுத்தாங்க. இந்தத் தடவ இலையக் குடுத்தாங்க, ஆனா ஆளு எஸ்டிபிஐ. அந்தத் தம்பியக் குத்தம் சொல்லல. எங்க ஊருல இத்தன வருஷம் கொடி புடிச்சவன் ஒருத்தன்கூடவா கெடைக்கல? சரி, கூட்டணி தர்மம்னே வச்சுக்க. எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

அங்கே ஜெயித்தது மார்க்சிஸ்ட் சச்சிதானந்தம். வித்தியாசம் நாலு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல்.

15ஆம் தேதி சனிக்கிழமை, அதே டீக்கடை. விக்கிரவாண்டி இடைத்தேர்தலை அதிமுக புறக்கணிக்கிறது என்று செய்தி ஓடியது. ஆளுங்கட்சியின் அதிகாரமும் பணமும் தேர்தலை நேர்மையாக நடக்க விடாது என்று காரணம் சொன்னார்கள். இடைத்தேர்தல்களில் பணம் எப்படி இறங்குகிறது என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், அந்தக் காரணத்தை முழுசாகத் தள்ளிவிட முடியாது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இடைத்தேர்தல்ல பொறந்த கட்சி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் பொறக்கணிச்சேன் தம்பி," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஏப்ரல் 19. நான் போடல. 77-லேர்ந்து ஒரு எலெக்சன் விட்டதில்ல. பூத் ஏஜென்டா ஒக்கார யாரும் கூப்புடல. பூத் சிலிப் குடுக்கக்கூட நம்ம ஆளு வரல. கூப்புட்டாப் போவோம்னு சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் சட்டய மாட்டிக்கிட்டுத் திண்ணையிலயே ஒக்காந்திருந்தேன்."

"ஏன்ப்பா சொல்லல?"

"யாரு கேட்டா?"

அன்றைக்குக் குடும்பக் குழுவில் எல்லோரும் மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போட்டிருந்தோம். நான் ஓட்டுப் போட ஊருக்குத்தான் போயிருந்தேன், காலையிலேயே போட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டேன். அன்று இரவு பத்து விரல் எண்ணியிருப்பேன். அப்பா விரல் இல்லை. கவனித்தேன் என்பதுதான் உண்மை. போட்டோ அனுப்பத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. அவர் யாருக்குப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று இருந்தேன். அவர் கட்சியும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒரு கட்சி தோற்றதற்கான காரணம் கவுன்டிங் அன்று வருவதில்லை. அதற்கு 46 நாள் முன்னால், சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அது இருந்தது. எதிர்க்கட்சிக்குப் போனவரை எண்ணிவிடலாம். இப்படி வீட்டிலேயே இருந்துவிட்டவரைக் கதவைத் தட்டினால்தான் தெரியும்.

அன்று இரவு அப்பா தூங்கின பிறகு முட்டையை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். பதினோரு நாள் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அழிக்கும் வசதி போய்விட்டது, எனக்கு மட்டும்தான் அழித்துக்கொள்ளலாம் என்று காட்டியது. அழிக்கவில்லை.

காலையில் பஸ் ஏற்றிவிடும்போது, "விக்கிரவாண்டில யாருப்பா ஜெயிப்பா?" என்று கேட்டேன். பஸ் கிளம்புகிறவரை ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். சாதிக் கணக்கு, ஒன்றியச் செயலாளர்கள், 1989-ல் கட்சி இரண்டாக நின்று தோற்றது, எல்லாம். பாதி எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.