கடல் தூண்டிலும் என் தோள்பட்டையும்

சென்ற வாரம் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரும் சமீபத்தில் ஓய்வு பெற்றுவிட்டார். "உன்னை மாதிரி நானும் கடல்ல லூர் போட்டு மீன் பிடிக்கலாம்னு இருக்கேன்பா. நல்லதா, கனமா ஒரு செட் வாங்கிடவா?" என்று கேட்டார். "கனமா" என்ற சொல்லைக் கேட்டதும் என் வலது தோள் ஒரு முறை சுரீர் என்றது. "இரண்டு நாள் பொறு, எழுதி அனுப்புகிறேன்" என்றேன். அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். இந்த ஆசை உள்ள மற்றவர்களுக்கும் உதவட்டுமே.

லூர் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிர் இரைக்குப் பதிலாகச் சின்ன மீன் போலச் செய்த பிளாஸ்டிக், ரப்பர் அல்லது உலோகத் துண்டுதான் லூர். இறாலைக் கோத்துப் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் தூண்டில் அல்ல இது. வீச வேண்டும், சுருட்ட வேண்டும், மறுபடி வீச வேண்டும். சும்மா கிடந்தால் எந்த மீனும் அதைத் திரும்பிப் பார்க்காது. ஒரு காலைப் பொழுதில் நூறு தடவையாவது வீசுவோம். கருவியின் எடை ஏன் முக்கியம் என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் தொடங்கியபோது இந்தக் கணக்கைப் போடவில்லை. கடைக்குப் போய், "கடலுக்கு" என்று கேட்டேன். கடைக்காரரும் கடலுக்கே கொடுத்தார். 10 அடிக் கம்பு, 6000 அளவு ரீல். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தடித்த தங்கூசி நரம்பைச் சுற்றிக்கொண்டு, பெரிய வேட்டைக்காரன் போல வடசென்னைத் தூண்டில் வளைவு ஒன்றின் மேல் போய் நின்றேன்.

தூண்டில் வளைவு என்பது நம் ஊர்க் கடற்கரையில் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் பாறாங்கல் வரிசை. துறைமுகம் வந்த பிறகு, தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து குறைந்து கரை அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்கள்தான் இவை. பெயரிலேயே தூண்டில் இருக்கிறதே என்று எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

அங்கே என் 15 கிராம் லூரைக் கட்டி ஓங்கி வீசினேன். அது பக்கத்திலேயே பொத்தென்று விழுந்தது. மறுபடியும் அப்படியே. பக்கத்தில் நின்ற குப்பத்துப் பையன் சிரித்துவிட்டான். "இன்னா சார், கம்பு இம்மாம் பெருசா கீது, லூரு காலாண்டயே வுயுது?"

கம்பின் அடியில் அச்சடித்திருந்ததை நான் படிக்கவே இல்லை. 40 முதல் 80 கிராம் வரை எடையுள்ள லூருக்கான கம்பு அது. வீசும்போது லூரின் எடை கம்பை வளைக்க வேண்டும். வளைந்த கம்பு நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கும். 15 கிராம் அந்தக் கம்பை அசைக்கக்கூட இல்லை. கம்பு செய்ய வேண்டிய வேலையை என் தோள் செய்தது. நான்கு மாதம் இப்படியே வீசினேன். ஒரு நாள் காலையில் சட்டையின் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை.

தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். கையை ஓங்கி வீசும் வேலையே கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஏறக்குறைய ஒரு வருடம் பயிற்சியும் ஒத்தடமுமாகப் போனது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விடிகாலை நாலரை மணிக்கு விழித்துக்கொண்டு, போக ஓர் இடம் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்ததுதான் கஷ்டம். ஓய்வு பெற்றவர்களுக்கு இது புரியும்.

கை கொஞ்சம் சரியானதும் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அதே பையன் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் கம்பை என் கையில் திணித்தான். "இத்தப் போட்டுப் பாரு சார். தோளத் தூக்காத, மணிக்கட்ட மட்டும் ஆட்டு." ஏழரை அடிக் கம்பு, சின்ன ரீல். மொத்தமும் 400 கிராம் இருக்கும். மெதுவாகத்தான் வீசினேன். லூர் போய்க்கொண்டே இருந்தது. என் பழைய கம்பில் ஒரு நாளும் போகாத தூரம்.

அன்று தெரிந்துகொண்டது இதுதான்: செட்டை ரீலிலிருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது, லூரிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். நம் கரையோரத்தில் கிடைக்கும் நடுத்தரப் பாரைக்கும் கொடுவாவுக்கும் 10 முதல் 20 கிராம் லூர் போதும். அப்படியானால் 7 முதல் 28 கிராம் என்று அச்சடித்த, ஏழு அல்லது ஏழரை அடிக் கம்பு. நரம்புக்கு 20 பவுண்டு பிரெய்டு, அதாவது ஏறக்குறைய 9 கிலோ தாங்குவது. பின்னல் நூலான இது அதே பலமுள்ள தங்கூசியைவிட மிக மெல்லியது. காற்றிலும் கம்பின் வளையங்களிலும் உரசல் குறைவு, அதனால் தூரம் போகும். ஆனால் கல்லில் உரசினால் அறுந்துவிடும். எனவே நுனியில் ஒரு மூன்றடிக்கு 25 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் 3000 அளவு ரீல் தாராளம்.

சமநிலை பார்ப்பது சுலபம். ரீலை மாட்டி, லூரையும் கட்டி, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலால் கம்பைத் தாங்கிப் பாருங்கள். ஏறக்குறைய மட்டமாக நின்றால் நல்லது. நுனி தொங்கினால், அதைத் தூக்கிப் பிடிக்கும் வேலை காலை முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான்.

இவ்வளவும் சரியாக வாங்கிய பிறகும் ஒரு தப்பு செய்தேன். மீன் ஓடும்போது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க ரீலில் டிராக் என்று ஒரு திருகு உண்டு. பழைய பழக்கத்தில் அதை முழுக்க இறுக்கி வைத்திருந்தேன். ஒரு நல்ல பாரை அடித்தது. ஒரே ஓட்டம், லீடர் முடிச்சு பட்டென்று அறுந்தது. மீன் போனதில் வருத்தமில்லை. இரண்டு மும்முனை முள்ளோடு லூரை வாயில் மாட்டிக்கொண்டு போனதே, அதுதான் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அந்த மீன் அதற்குப் பிறகு எதைத் தின்றிருக்கும்?

மெல்லிய கருவிக்கு டிராக்தான் உயிர். நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 9 கிலோ நரம்புக்கு இரண்டேகால் முதல் 3 கிலோ. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தே இப்போது கிளம்புகிறேன். முள் நுனிக்குப் பின்னால், கழலாமல் பிடித்துக்கொள்ளும் சிறு பிசிறையும் இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன். முள்ளோடு போக நேர்ந்தாலும் மீன் அதை உதறிவிட வாய்ப்பு அதிகம். என் விரலில் ஏறினாலும் எளிதாகக் கழற்றலாம்.

மெல்லிய செட்டுக்கு எல்லையும் உண்டு. பத்துக் கிலோ மீன் வந்தால் பாறைகளுக்கு நடுவே அதை அடக்க முடியாது. கடல்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கிவிட்டால் லூர் தூரம் போகாது. அதனால் விடியலில் நிலக்காற்று முதுகில் இருக்கும்போதே வீசி முடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். வந்ததும் கம்பையும் ரீலையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் காபி. பாசி பிடித்த கல்லில் காலை வைப்பதில்லை, தனியாகப் போவதுமில்லை.

நண்பருக்குக் கடைசியாக எழுதியது இது. கடையில் ரீலை மாட்டச் சொல்லி, கம்பைக் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் நில். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பதினோராவது நிமிடமும் கை வலிக்கவில்லை என்றால் பணத்தைக் கொடு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வந்துவிடு. அந்தப் பையனையும் அறிமுகப்படுத்துகிறேன்.