பளபளப்பின் அடியில்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை, ராணிப்பேட்டையைக் கடந்து சித்தூர் வழியாகச் செல்கிறது. சித்தூரிலும், அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியிலும் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைகள் உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அப்பட்டறைகளில் எப்போதேனும் ஒரு பழைய அம்பாசடர் வந்து நிற்கும். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1958 முதல் 2014 வரை உருவாக்கிய வண்டி அது. இனி அது புதிதாக உருவாகப் போவதில்லை. ஆதலால் அதன் ஒவ்வொரு தகடும் அருமையானது. அதன்மேல் வேலை செய்பவரின் பொறுப்பும் பெரியது.

முற்காலத்தில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அடங்கியிருந்தன. இன்று வண்டியைப் புதுப்பிப்போர் பெரும்பாலும் முதலில் நிறத்தைப் பூசி, அதன்மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற பூச்சைத் தெளிக்கின்றனர். அதன் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலையும் மழையையும் முதலில் தாங்குவது அம்மெல்லிய படலமே.

அப்படலத்தில் தோன்றும் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. கோடையில் திருப்பதியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அப்போது தெளித்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவுமுன்னே உலர்ந்துவிட்டால், பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், விரைந்து ஆவியாகும் தின்னரைக் கலந்தால், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பால்போல் மங்கும். தகட்டில் சிறிது எண்ணெய்ப் பசையோ பழைய பாலிஷோ எஞ்சியிருந்தால், பூச்சு அவ்விடத்தை விட்டு விலகிச் சிறு குழிகள் விழும். பெயிண்ட் கன்னை மிக அருகில் பிடித்தால் பூச்சு வழியும்.

இக்குறைகளுள் சில மேலோட்டமானவை. சொரசொரப்பும் வழிசலும் நன்கு காய்ந்தபின், 1500, 2000 எண் உப்புத்தாள்களை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகிட்டால் மறையும். ஆயினும் அளவு மீறித் தேய்த்தால் படலம் கிழிந்து நிறம் வெளிப்படும். பின்னர் அப்பகுதியை மறுபடியும் பூசுவதன்றி வேறு வழியில்லை.

மேற்பூச்சு செதில்செதிலாய் உரிவதோ வேறு வகையான குறை. பல்லாண்டு வெயிலில் படலம் நலிந்ததாலோ, அடிப்பரப்பைச் சரியாகத் தேய்க்காமல் பூசியதாலோ அது நேரும். உரிந்த இடத்தின்மேல் இன்னொரு பூச்சைத் தெளித்தால், வண்டி ஒப்படைக்கும் நாளில் ஒளிரும். சில மாதங்களில் பழைய படலத்தோடு புதியதும் சேர்ந்து உரியும். உறுதியான பரப்பு கிடைக்கும்வரை தேய்த்துக் களைந்து, தூய்மைசெய்து, நிறத்திலிருந்து மீண்டும் தொடங்குவதே முறை. அதற்கு நாளும் கூடும், கூலியும் கூடும். வண்டிக்காரர் அவசரப்படும்போது அதனை எடுத்துச் சொல்வதற்குத் தொழில் அறிவோடு நேர்மையும் வேண்டும்.

தொழிலாளியின் உடல்நலமும் இங்கே கருதத்தக்கது. கிளியர் கோட்டை இறுகச் செய்யும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் பெரும்பாலும் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா உண்டாகலாம். முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. அதற்குரிய சுவாசக் கவசமே வேண்டும். வண்டியின் பளபளப்புக்காக ஒருவர் தம் மூச்சை இழத்தல் தகாது.

'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. ஒவ்வொரு பூச்சுக்கும் உரிய இடைவெளி விட்டு, அடிப்பரப்பைச் செம்மையாக்கிய பின்னரே மேற்பூச்சைத் தெளிப்பவரின் வேலை நிலைக்கும். வண்டியைப் பார்ப்பவர் கண்ணுக்கு மேலுள்ள ஒளி மட்டுமே தெரியும். அந்த ஒளியைத் தாங்கி நிற்பதோ கண்ணுக்குத் தெரியாத அடிப்பரப்பின் செம்மையே.