பால் வைன் ஏறிய துறை

சாராயத்தில் பாலையும் தேசிச்சாற்றையும் ஊற்றினால் பால் திரைந்துபோகும். திரைந்த பாலை எந்த வீட்டிலும் விருந்தாளிக்குக் கொடுப்பதில்லை. இலங்கைப் பறங்கியர் வீடுகளில் மட்டும், நத்தார் நெருங்கும்போது பாலை வேண்டுமென்றே திரையவைத்து, பொறுமையாக வடித்து, தெளிந்த பொன்னிறக் குடிவகையாகப் போத்தல்களில் நிரப்புகிறார்கள். பால் வைன் என்று பெயர். லவ் கேக் துண்டுக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு கிளாஸில் வந்து நிற்கும்.

எங்கள் தோப்பூரில் இதற்கு இடமில்லை. இங்கே பெருநாளென்றால் ரோஸ் சிரப் ஊற்றிக் கசகசா மிதக்கவிட்ட சர்பத். கொஞ்சம் வசதியென்றால் பலூடா. நானும் அதிலேயே வளர்ந்தவன், சாராயம் தொடாதவன். ஆனாலும் திருகோணமலை பாலையூற்றில் ஒரு பறங்கி நண்பரின் தாயார் பால் வைன் போடுவதைப் பார்த்த பிறகு, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

“இது வெள்ளக்காரன்ட சாமான் மகன். எங்கட பாட்டிமார் அவங்களிட்டப் பழகினது” என்றார் அந்த அன்ரி. மேசையில் பரப்பியிருந்ததோ ஏலக்காய், கராம்பு, கறுவா, சாதிக்காய், தேசிக்காய், தென்னஞ்சாராயம். இதில் வெள்ளைக்காரனின் சரக்கு எது?

அளவு வீட்டுக்கு வீடு மாறும். சாராயம், பால், சீனி, இடித்த வாசனைச் சரக்கு, தேசிக்காயும் தோடம்பழமும் தோலோடு, ஒரு பிடி முந்திரிகை வற்றல். எல்லாவற்றையும் ஜாடியில் போட்டு, துணியால் வாய் கட்டி, ஒரு கிழமைக்கு மேல் வைப்பார்கள். தினம் ஒருமுறை கிளறவேண்டும். பார்க்க அழகாக இருக்காது. மேலே வெள்ளைத் திரிகள், கீழே கலங்கிய தண்ணீர்.

உண்மையான வேலை வடிப்பதில் இருக்கிறது. அன்ரி வடித்தது தடித்த வெள்ளைத் துணிப் பையில். பையைக் கதவுக் கொக்கியில் தொங்கவிட்டு, அடியில் கண்ணாடிப் பாத்திரம் வைத்தார். முதலில் இறங்கியது மோர்போல் கலங்கலாக இருந்தது. “முதல்ல வாறத நம்பாதீங்க, திருப்பி ஊத்துங்க” என்று அதையே மறுபடி பைக்குள் ஊற்றினார். திரைந்த பால் துணியின் உள்பக்கம் படிந்து ஒரு படலமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு துணி வடிப்பதில்லை, அந்தப் பால் படலம்தான் வடிக்கிறது. பையை அவர் பிழியவில்லை, தொடக்கூட விடவில்லை. பொழுது சாயும்போது சொட்டிக்கொண்டிருந்ததில், பின்னால் தாளை வைத்து எழுத்தைப் படிக்கலாம் என்ற அளவுக்குத் தெளிவு.

இதன் விஞ்ஞானம் எளிது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம், புளிப்பு ஏறி பி.எச். அளவு 4.6-ஐ ஒட்டி வரும்போது திரண்டுவிடும். திரளும்போது தோலிலும் சரக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருட்களைப் பற்றிக்கொண்டு போகும். அதனால் நிறம் தெளியும், சாராயத்தின் காரமும் அடங்கும். குடிப்பவர் நாக்கில் மிஞ்சுவது இனிப்பும் வாசனையும், திரைந்த பாலின் தெளிநீர் தரும் ஒரு மென்மையும்.

இந்தப் பாலால் தெளிய வைக்கும் உத்தி இங்கிலாந்தில் பழையது. மேரி ராக்கெட் என்ற பெண் 1711-இல் எழுதிவைத்த குறிப்பில், பிராந்தியும் எலுமிச்சையும் கலந்து சூடான பால் ஊற்றி வடிக்கும் முறை இருக்கிறது. 1763 ஒக்டோபரில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பர் ஜேம்ஸ் போடினுக்கு இதே வகை மில்க் பஞ்ச் செய்முறையைக் கடிதத்தில் அனுப்பினார். 44 எலுமிச்சைத் தோலைப் பிராந்தியில் ஊறவைக்கச் சொல்கிறது அது, சாதிக்காயும் உண்டு. அன்ரி சொன்னது இந்த அளவில் சரி. வடிக்கும் வித்தை மேற்கிலிருந்து வந்ததுதான்.

ஆனால் மில்க் பஞ்சுக்குத் தாய் ஒன்று உண்டு, அதுதான் பஞ்ச். அதைத் தேடிப் போனால் கதை லண்டனை விட்டு வங்காள விரிகுடாவுக்கு வந்துவிடுகிறது. பஞ்ச் எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1632-இல், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய கடிதம் ஒன்றில். கடிதம் போன இடம் பெட்டப்பொலி, அதாவது இன்றைய ஆந்திரக் கரையிலுள்ள நிஜாம்பட்டணம். கப்பலில் வந்த பீரும் வைனும் இந்த வெயிலில் கெட்டுப்போகும். கரையில் கிடைத்தவை சாராயம், சீனி, தேசிக்காய், வாசனைச் சரக்கு. மாலுமிகள் இவற்றைத் தண்ணீரில் கலந்து குடித்தார்கள். பஞ்ச் பிறந்தது அப்படித்தான் என்கிறார்கள்.

அதே கரையிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வந்த கப்பல் ஒன்று உண்டு. மசூலிப்பட்டணத்தில் நின்ற ‘ஆன்’ என்ற கம்பெனிக் கப்பல் 1659 நவம்பர்ப் புயலில் பெரிய பாய்மரத்தை இழந்தது. புது மரம் போடவும் துணி விற்கவும் அது வந்து சேர்ந்த இடம் கொட்டியாரக் குடா. தோப்பூரிலிருந்து மூதூர் போய் நின்றால் முன்னால் விரிவது அந்தக் குடாதான். 1660-இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்டனையும் அவர் மகன் ராபர்ட் நொக்ஸையும் சேர்த்து 16 பேரைப் பிடித்துச் சென்றார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு தப்பிய மகன், 1681-இல் இலங்கையைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். கித்துல் மரத்தின் இனிப்புப் பதநீரையும், அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியையும் அதில் ரசித்து எழுதியிருக்கிறார்.

பாய்மரத்துக்காக இந்தக் குடாவுக்கு வந்தார்கள் என்பதில் எனக்கு இன்னொரு தொடர்பும் தென்படுகிறது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரத்துக்கு வணிக உலகில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். இலங்கைத் தென்னஞ்சாராயத்தை ஆண்டுக்கணக்கில் முதிரவைப்பது இம்மரத்தாலான பீப்பாய்களில்தான். பாளையைச் சீவி இறக்கிய கள்ளு தானாகவே நுரைத்து, வாலையில் ஏறிச் சாராயமாகி, திருகோணமலை மரத்துக்குள் கிடந்து நிறம் பெறுகிறது. பால் வைனின் பொன்னிறத்தில் அந்த மரத்துக்கும் பங்குண்டு.

கிழக்கின் சாராயம் மேற்கில் பண்டிகைப் பொருளானதற்கும் சான்று ஏராளம். 1731-இல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கொண்டுபோன சாராயத்திலிருந்துதான் சுவீடன்காரர் இன்றும் குடிக்கும் ‘புன்ஷ்’ வந்தது. அமெரிக்காவில் ஜெர்ரி தாமஸ் 1862-இல் அச்சிட்ட கலவைப் பானப் புத்தகத்தில், பாலால் தெளிய வைக்கும் பஞ்ச் ஒன்றில் கராம்பு, கறுவா, கொத்தமல்லியோடு ஜாவாத் தீவின் பட்டாவியாச் சாராயமும் சேர்கிறது. நம் கரைகளின் அஞ்சறைப்பெட்டி அப்படியே கடல் கடந்து போயிருக்கிறது.

ஆகவே என் முடிவு இது: பஞ்ச் இந்தக் கடல்களில் ஏறி, இங்கிலாந்தில் பாலைச் சேர்த்துக்கொண்டு, கோட்டையும் கடற்படையும் வைத்திருந்த ஆங்கிலேயரோடு திரும்பி வந்து, பறங்கியர் குசினியில் மறுபடி தென்னஞ்சாராயத்தைக் கண்டுபிடித்தது. திரும்பி வந்ததைப் பிடித்துவைத்தவர்கள் பெண்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த மொழியைப்போலவே இந்தச் செய்முறையையும் தாய் சொல்ல மகள் கேட்டுத்தான் காத்துவந்தாள். கிழக்கின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளுக்குக் கொடுத்த பக்கங்களில் ஒன்றையாவது இந்தக் குசினிகளுக்குக் கொடுத்திருக்கவேண்டும்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வீட்டில் சாராயம் காய்ச்சுவது 1912-ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். பால் வைன்காரர்கள் வாங்கிய போத்தலில் ஊறவைக்கிறார்களே தவிர, வாலை ஏற்றுவதில்லை.

வடிக்கும் வித்தைக்குச் சாராயம் கட்டாயமில்லை என்பது எங்கள் ஊருக்கு நல்ல செய்தி. கடும் சாயத் தேத்தண்ணியில் சீனியும் ஏலக்காயும் கறுவாவும் போட்டு ஆறவிட்டு, தேசிச்சாறு பிழிந்து, வேறொரு பாத்திரத்தில் இருக்கும் சூடான பாலில் அதை மெல்ல ஊற்றவேண்டும். திரைந்ததும் அரை மணித்தியாலம் அசைக்காமல் விட்டுத் துணியில் வடித்தால், அன்ரி சொன்னதுபோல முதல் வடிநீரைத் திருப்பி ஊற்றினால், துவர்ப்பு நீங்கிய தெளிந்த பானம் இறங்கும். சாராயம் இல்லாததால் நாள்பட இருக்காது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பையைக் கட்டித் தொங்கவிட்டால் விடியும்போது சரியாக இருக்கும்.